ஆனைமலைக் காட்டுக்குக் கிளம்பும் முன்: கேள்வி பதில்

ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்கு வருடத்துக்குப் பலமுறை போய்வருகிறேன். அங்கே போகக் கிளம்பும் நண்பர்கள் சிலர் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஒரே காட்டுக்குள் பல காடுகள் என்கிறார்களே, எப்படி அண்ணா?

உயரமும் மழையும்தான் காரணம், தம்பி. அமராவதிப் பக்கம் மலையின் மழைமறைவில் இருப்பதால் அங்கே முள்காடு. டாப்ஸ்லிப்பில் தேக்கும் மூங்கிலும். வால்பாறையைச் சுற்றி, தேயிலைக்கு நடுவே மழைக்காட்டுத் துண்டுகள். அதற்கும் மேலே புல்வெளி, பள்ளங்களில் மட்டும் சோலை எனும் குட்டை மரக்காடு. மேலே பெய்யும் மழைநீரைப் பிடித்து வைத்து, கீழே ஓடைகளாக விடுவது இந்தச் சோலையும் புல்லும்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்காதீர்கள்.

டாப்ஸ்லிப் என்று ஏன் பெயர்?

வெள்ளைக்காரர் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி, இங்கிருந்து சரிவில் கீழே சறுக்கித் தள்ளிவிட்டார்கள், அதனால்தான் ‘டாப்ஸ்லிப்’. மொட்டையாகிக் கிடந்த காட்டைத் திரும்ப வளர்த்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. அவர் கல்லறை டாப்ஸ்லிப்பிலேயே தேக்குகளுக்கு நடுவே இருக்கிறது. சவாரி வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் அங்கே போய்ச் சற்று நில்லுங்கள்.

வால்பாறையில் சிங்கவால் குரங்கைக் கட்டாயம் பார்க்கலாமா? குழந்தைகள் ஆசையாக இருக்கிறார்கள்.

புதுத்தோட்டம் பகுதியில் சாலையோரமே பார்க்க வாய்ப்பு அதிகம். ஆனால் அம்மா, ஒன்று சொல்லியாக வேண்டும். இது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு. மரக்கிளையிலேயே வாழ்ந்து, வெடிப்பலா என்ற காட்டுமரத்தின் காயும் பூச்சியும் தின்னும் ஜீவன். தேயிலைக்காகக் காடு துண்டானதால் கிளைவழி அறுந்து, தரைக்கு இறங்கிச் சாலையைக் கடக்கிறது. அதற்காகவே சாலைக்கு மேலே பாலங்கள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாம் ஒரு பிஸ்கட்டை நீட்டினால் அது சாலையிலேயே உட்கார்ந்து வண்டிக்காகக் காத்திருக்கப் பழகிவிடும், அப்புறம் சக்கரத்தில் அடிபடும். அடிபட்ட ஒரு குட்டியைத் தாய் விடாமல் தூக்கிக்கொண்டு திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு யார் தின்பண்டம் நீட்டினாலும் வண்டியை நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள் இருந்தே, சத்தமில்லாமல் பாருங்கள். பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

வரையாடு எங்கே தெரியும்?

ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டைஊசி வளைவுகளில், 9ஆம் வளைவைச் சுற்றியுள்ள பாறைகளில் காலை நேரத்தில் தேடுங்கள். நம் மாநில விலங்கு அது. அதற்கும் எதுவும் போடாதீர்கள்.

இருவாச்சிப் பறவையைப் பார்க்க எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கூடு வைக்கும் காலம். பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், சிறு இடுக்கு வழியாக ஆண்தான் இரை ஊட்டும். ஆணைத் துரத்திப் படம் எடுத்தால் உள்ளே பசியோடு இருப்பவர்களுக்குத்தான் இரை தாமதமாகும். கூட்டுமரம் தெரிந்தாலும் இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்.

வால்பாறைக்கு மேலே இருக்கும் புல்மலைக்கு (கிராஸ் ஹில்ஸ்) நடைபயணம் போகலாமா?

சுற்றுலாவாகப் போக முடியாது, அனுமதி தருவதில்லை. குறுக்குவழி காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாப்ஸ்லிப்பில் வனத்துறை வழிகாட்டியோடு நடக்கக் கேட்டுப் பாருங்கள். காடு காய்ந்திருக்கும் கோடையில் அதையும் நிறுத்திவிடுவார்கள்.

அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க என்ன செய்வது?

மழைக்காலத்தில் உப்பும் முழங்கால்வரை காலுறையும். கடித்தால் பயப்பட ஒன்றுமில்லை.

வால்பாறையில் இரவில் நடக்கலாமா?

வேண்டாம். தேயிலைக்குள் சிறுத்தை உண்டு, யானையும் வரும். யானை அருகே இருந்தால் ஊர்மக்களை எச்சரிக்கச் சிவப்பு விளக்கு எரியும், கைபேசிக்கும் செய்தி போகும். விளக்கு எரிவதைப் பார்த்தால் அந்தப் பக்கமே போகாமல் திரும்பிவிடுங்கள்.