சேர்க்கை விகிதம் 108 வந்தால் தப்பா?

தொடக்கநிலையில் மொத்தச் சேர்க்கை விகிதம் 108 சதவீதம் வருகிறது, கணக்கு எங்கே பிசகியது என்று கேட்டிருந்தீர்கள். பிசகவில்லை, நூறைத் தாண்டலாம்.

அந்த விகிதத்தில் மேலே இருப்பது வயது பாராமல் சேர்ந்த எல்லாரும். கீழே இருப்பது அந்த நிலைக்கு உரிய வயதுப் பிள்ளைகள் மட்டும். உரிய வயதில் 1000 பேர், பள்ளியில் 1080 பேர் என்றால் 108. அந்த 1080-இல் உரிய வயதினர் 910 பேர் என்றால், அவர்களை மட்டும் மேலே போடும் நிகர விகிதம் 91. மீதி 170 பேர் தாமதமாகச் சேர்ந்தவர்கள், அதே வகுப்பில் மறுபடி படிப்பவர்கள், சீக்கிரமே சேர்க்கப்பட்டவர்கள். ஆக, 108-ஐப் பார்த்துவிட்டு எல்லாப் பிள்ளையும் பள்ளியில் இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மக்கள்தொகை மதிப்பீடு பழையதாக இருந்தாலும் எண் கோணலாகும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

உயர்கல்விக்கு உரிய வயது என்று ஒன்று கிடையாது. யுனெஸ்கோ முறையில், மேல்நிலை முடிக்கும் வயதை அடுத்த ஐந்து ஆண்டு வயதினரைக் கீழே போடுவார்கள்.

அப்புறம், மாணவர்-ஆசிரியர் விகிதம், அதாவது ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பது, 24 என்றால் வகுப்பில் 24 பேர் என்று எடுத்திருக்கிறீர்கள். அது வேறு, இது வேறு. 240 மாணவர், 10 ஆசிரியர், 6 வகுப்பு: விகிதம் 24, வகுப்பிலோ 40 பேர். பாடவாரியாக ஆசிரியர் மாறும் இடைநிலையில் இந்த இடைவெளி சகஜம். பகுதிநேர ஆசிரியர்கள் நிறைய இருந்தால் தலையை எண்ணாமல் முழுநேரத்துக்கு மாற்றிக் கணக்கிடுங்கள்.

மாவட்ட விகிதங்களைக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்: மொத்த மாணவரை மொத்த ஆசிரியரால் வகுங்கள்.