ஆஸ்திரேலியாவில் வீட்டுப் புல்வெளிக்கு வரும், தலையில் முள் போன்ற கொண்டை உள்ள புறா எது? பறக்கும்போது ஏன் விசில் சத்தம் கேட்கிறது?

கேள்வியின் விவரத்தில் மூன்று சந்தேகங்களைச் சேர்த்திருக்கிறீர்கள். இறக்கையில் அடிபட்டதால்தான் அந்த விசில் சத்தமா? இது வேறு நாட்டிலிருந்து வந்து பெருகிவிட்ட புறாவா? விரட்டிவிடலாமா? மூன்றுக்கும் ஒரே பதில்தான்: இல்லை. இது கிரெஸ்டட் பிஜன். ஆங்கிலப் பெயர் வாயில் நிற்காதவர்களுக்காகக் கீழே கொண்டைப்புறா என்றே எழுதுகிறேன். அறிவியல் பெயர் ஓசிஃபாப்ஸ் லோஃபோட்டஸ். அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம்தான், அதுவும் ஆஸ்திரேலியாவுக்கு மட்டுமே உரியது. நீங்கள் எந்த நகரத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. சிட்னி, மெல்பர்ன், அடிலெய்ட் போன்ற ஊர் ஒன்றின் புறநகரில், புல்வெளியும் ஒன்றிரண்டு மரங்களும் உள்ள வீடு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் தோற்றம். நீளம் 30 முதல் 35 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 200 கிராம். நம்மூர் மாடப்புறாவைவிட மெலிந்த உடல், நீண்ட வால். தலையும் மார்பும் சாம்பல் நிறம், கழுத்தின் பக்கவாட்டில் லேசான இளஞ்சிவப்பு. கொண்டை மெல்லியது, கறுப்பு, உச்சந்தலையிலிருந்து நேராக மேலே நிற்கும். கண் ஆரஞ்சு கலந்த சிவப்பு. அதைச் சுற்றிச் சிவந்த தோல் வளையம் இருக்கும், கால்களும் அதே வகைச் சிவப்பு. இறக்கையின் மேற்பகுதியில் பழுப்பின்மேல் குறுக்காகக் கறுப்புக் கோடுகள் ஓடும். மடித்த இறக்கையின் கீழ் ஓரத்தைப் பாருங்கள்: வெயில் படும் கோணத்தைப் பொறுத்துப் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னும், அந்தப் பட்டைக்கு வெள்ளை விளிம்பு இருக்கும். நிழலில் நிற்கும்போது இது வெறும் கருமையாகத்தான் தெரியும். அதனால் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்று பார்த்தால் தவறாமல் தெரியும்.

ஆணையும் பெண்ணையும் தோற்றத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. இளம் பறவைக்குக் கொண்டை குட்டையாக இருக்கும், கண் மங்கிய பழுப்பு, அந்தப் பச்சை ஊதாப் பளபளப்பு அநேகமாக இருக்காது. “நிறம் மங்கியிருக்கிறது, நோயா?” என்று கேட்டுப் போடப்படும் படங்களில் பெரும்பாலானவை இளம் பறவைகள்தான்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது பின்னூட்டத்தில் வந்து “இது டாப்நாட் பிஜன்” என்று திருத்துவார்கள். ஆஸ்திரேலியர்களிலேயே பலர் இதைப் பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்கிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயருக்குரிய பறவை வேறு. அது 40 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள பெரிய புறா. கிழக்குக் கரையோர மழைக்காடுகளில் மர உச்சியில் பழம் தின்று வாழ்வது. அதன் கொண்டை முன்பக்கம் சாம்பலும் பின்பக்கம் செம்பழுப்புமாகப் பின்னோக்கிப் படிந்திருக்கும். புல்தரையில் நடந்து விதை பொறுக்குகிறது, கொண்டை செங்குத்தாக நிற்கிறது என்றால் அது டாப்நாட் அல்ல. கொண்டையுள்ள இன்னொரு புறாவான ஸ்பினிஃபெக்ஸ் பிஜன் சிறியது, உடல் முழுவதும் செம்மண் நிறம். வடக்கே வறண்ட பாறை நிலத்தில்தான் அதைப் பார்க்கலாம், நகரத் தோட்டத்துக்கு வராது.

இப்போது விசில். இந்தச் சத்தம் தொண்டையிலிருந்து வருவதல்ல, இறகிலிருந்து வருகிறது. புறாவின் ஒவ்வொரு இறக்கையிலும் வெளிப்பக்கமாகப் பத்து நீளப் பறப்பிறகுகள் உண்டு. உள்ளிருந்து வெளியே எண்ணினால் எட்டாவது இறகு, கொண்டைப்புறாவில் மட்டும், பக்கத்து இறகுகளைவிட மிகக் குறுகலாக இருக்கும். இறக்கையைக் கீழே அடிக்கும்போது இந்த எட்டாவது இறகு உயர்ந்த சுருதியில் ஒரு ஒலி எழுப்பும். மேலே தூக்கும்போது ஒன்பதாவது இறகிலிருந்து தாழ்ந்த சுருதியில் இன்னொரு ஒலி வரும். இரண்டும் மாறி மாறி வருவதுதான் நீங்கள் கேட்கும் “விசில்”. அடிபட்ட இறக்கையில் இவ்வளவு சீரான ஒலி வராது.

இது வெறும் பக்கவிளைவா, அல்லது பறவைக்குப் பயன்படுகிறதா என்ற கேள்விக்கு கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இரண்டு கட்டமாக விடை கண்டார்கள். 2009-இல் வந்த முதல் ஆய்வில், சாதாரணமாகக் கிளம்பும் புறாவின் ஒலியையும், பயந்து கிளம்பும் புறாவின் ஒலியையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, மேய்ந்துகொண்டிருந்த கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். பயந்த ஒலியைக் கேட்டபோதுதான் கூட்டம் பதறி எழுந்தது. சத்த அளவை மாற்றிப் போட்டுப் பார்த்ததில், ஒலி பலமாக இருப்பது மட்டும் காரணம் இல்லை என்றும் தெரிந்தது. ஒலியின் அமைப்பு, முக்கியமாக அதன் வேகம், அதுதான் செய்தி. 2017-இல் வந்த இரண்டாவது ஆய்வில் எட்டாவது இறகை நீக்கிய புறாக்கள் கிளம்பும் ஒலியைப் பதிவுசெய்து போட்டார்கள். மற்ற புறாக்கள் அதை அபாயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, எச்சரிக்கை அந்த ஒற்றைக் குறுகிய இறகில் இருக்கிறது.

இதில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது, இந்த எச்சரிக்கையில் பொய்க்கு இடமில்லை என்பது. பயந்த பறவை வேகமாகவும் செங்குத்தாகவும் எழும்ப வேண்டும். அதற்கு இறக்கையை வேகமாக அடித்தே ஆக வேண்டும், வேகமாக அடித்தால் விசிலும் தானாக வேகமாகும். கூவி எச்சரிக்கும் பறவை கூவ மறக்கலாம், கூவாமல் தப்பிக்கலாம். கொண்டைப்புறா தப்பிக்கிற செயலே மற்றவற்றுக்கு எச்சரிக்கையாகிவிடுகிறது.

இதை நீங்களே வேறுபடுத்திக் கேட்கலாம். ஒரு புறா மேய்ந்து முடித்து வேலிக்குப் போகும்போது வரும் விசில் நிதானமாக இருக்கும், மற்றவை தலையைக்கூடத் தூக்காது. பருந்தின் நிழல் விழும்போதோ பூனை பாயும்போதோ துடிப்புகள் நெருங்கிவிடும், ஒரு நொடியில் கூட்டமே காலியாகும். கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்தால் இறக்கையின் அசைவு தெரியும். ஆனால் பல கைப்பேசிகள் மெதுவோட்டத்தில் ஒலியையும் இழுத்துக் கெடுத்துவிடும். ஒலிக்கு வேறாகச் சாதாரணப் பதிவு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் விதமும் அடையாளத்துக்கு உதவும். சில நொடி வேகமாக இறக்கையடிக்கும், பிறகு இறக்கையை விரித்தபடி சறுக்கிப் போகும், மறுபடி அடிக்கும். கிளையிலோ மின்கம்பியிலோ இறங்கியதும் வால் செங்குத்தாக மேலே எழுந்து மெல்லத் தாழும். தூரத்திலிருந்து கொண்டை தெரியாவிட்டாலும் இந்த வாலசைவு போதும்.

தொண்டையிலிருந்து வரும் குரல் தனி. ஒற்றையாக, தாழ்ந்து, “வூப்” என்று ஒலிக்கும் கூவல், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வரும். திடுக்கிட்டால் அதே ஒலி கூர்மையாக ஒருமுறை வரும். இணையைக் கவரும்போது ஆண் தலையைத் தாழ்த்தி, வாலை விசிறியாக விரித்து உயர்த்தி, இறக்கைகளைப் பாதி திறந்து அந்தப் பளபளப்புப் பட்டையைக் காட்டியபடி குனிந்து நிமிரும். ஒவ்வொரு குனிவுக்கும் ஒரு கூவல் என்று தாளம் தப்பாமல் வரும். பெண் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் நடந்துபோகும், ஆண் பின்னாலேயே போகும். நீங்கள் கேட்பது தொடர்ச்சியாக, நிதானமாக, மிக ஆழமான “ஊம்… ஊம்…” என்றால் அது காமன் பிரான்ஸ்விங் என்ற வேறு உள்நாட்டுப் புறாவாக இருக்கலாம். அதற்கும் மின்னும் இறக்கை உண்டு, கொண்டை கிடையாது. கூச்சம் அதிகமுள்ள பறவை, புதர் ஓரத்தை விட்டு வெளியே வரத் தயங்கும்.

இனி “வெளியூர்ப் புறா” என்ற பேச்சு. இந்தக் கேள்விக்கு நான் எழுத உட்கார்ந்ததே அந்த வரிக்காகத்தான். கொண்டைப்புறாவின் பழைய இருப்பிடம் கண்டத்தின் உட்பகுதி: வறண்ட, பாதி வறண்ட புல்வெளிகள். காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள், ஆழ்துளைக் கிணறும் அணைக்குட்டையும் வந்தன, நகரங்களில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் பெருகின. விதை தின்னும் பறவை தினமும் தண்ணீர் குடித்தாக வேண்டும். தண்ணீரும் திறந்த புல்தரையும் அருகருகே கிடைத்ததும் அது கரையோரம்வரை பரவியது. “அப்படியானால் சிட்னிக்கு அது புதிது தானே” என்று யாராவது கேட்டால், ஆம், அந்த ஊருக்குப் புதிது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தன் கண்டத்துக்குள்ளேயே, மனிதன் மாற்றிய நிலத்தைப் பின்தொடர்ந்து வந்த பறவையும், கூண்டில் அடைத்துக் கப்பலில் கொண்டுவந்து திறந்துவிடப்பட்ட பறவையும் ஒன்றாகாது.

கப்பலில் வந்தவை எவை தெரியுமா? கழுத்துப் பின்புறம் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு அதே புல்வெளியில் மேயும் புள்ளிப்புறா, நம் ஊர்த் தோட்டங்களில் உள்ளதைப் போன்றதுதான். 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்டது. பெர்த் நகரில் 1898-இல் விடப்பட்ட சின்னத் தவிட்டுப்புறாவும் தமிழ்நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் இனமே. அவற்றையும் வெறுக்கச் சொல்லவில்லை, அவை தாமாக வரவில்லை. ஆனால் பழகிய முகம் என்பதால் புள்ளிப்புறாவை உள்ளூர் என்றும், பழகாத கொண்டை என்பதால் மண்ணின் பறவையை அயலான் என்றும் எழுதுவது தலைகீழ்.

உணவு பெரும்பாலும் விதைதான்: உள்நாட்டுப் புல், களைச்செடி, சிந்திய தானியம். கொஞ்சம் இலையும் பூச்சியும் சேரும். உங்கள் புல்வெளியில் அது பொறுக்குவது களை விதையைத்தான், கத்தரிக்காயை அல்ல. ரொட்டி, சோறு போடாதீர்கள். வயிறு நிரம்பும், சத்து சேராது, எலியும் வரும். உதவ விரும்பினால் தண்ணீர் வையுங்கள். விளிம்பு அகலமான தட்டையான தட்டு, 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம், பூனை பதுங்கும் புதரை ஒட்டி வைக்காதீர்கள். வைத்தவுடன் வரவில்லையே என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். பக்கத்து மரத்தில் நெடுநேரம் உட்கார்ந்து நோட்டம் பார்த்த பிறகே இறங்குவது அதன் பழக்கம். இறங்கியதும் அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும், மற்ற பறவைகள்போல் தலையைத் தூக்கி விழுங்காது.

தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். புறாக்களின் வாயிலும் தொண்டையிலும் மஞ்சள் கட்டிகளை உண்டாக்கும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, பொதுவான தண்ணீர் வழியாகப் பரவும். காய்ந்தால் அது பிழைக்காது. இறகை உப்பிக்கொண்டு, விழுங்க முடியாமல் நிற்கும் புறாவைக் கண்டால் தட்டைச் சில வாரங்கள் எடுத்துவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பழமரத்துக்குப் போடும் வலை. கடையில் மலிவாகக் கிடைக்கும் அகலக் கண்ணி வலையை மரத்தின்மேல் தொளதொளவென்று எறிந்துவிட்டு வாரக்கணக்கில் திரும்பிப் பார்க்காத வீடுகள் நிறைய. பழந்தின்னி வௌவாலும் பறவையும் பாம்பும் அதில் சிக்கி, இறுகி, நாள்கணக்கில் வதைபடுகின்றன. விக்டோரியாவில் 2021 செப்டம்பர் 1 முதல், வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண்ணி, முழுதாக இழுத்த நிலையிலும் 5-க்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். விரலை நுழைத்துப் பாருங்கள், விரல் போனால் அந்த வலை வேண்டாம். மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாகக் கூடு. விரட்டலாமா என்று கேட்டதால் இது முக்கியம். உணவு கிடைத்தால் ஆண்டின் எந்த மாதத்திலும் முட்டையிடும், வசந்தத்திலும் கோடையிலும் அதிகம். கூடு என்பது குச்சிகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்ட மெல்லிய தட்டு, கீழிருந்து பார்த்தால் முட்டையே தெரியும் அளவுக்கு. வெள்ளை முட்டை இரண்டு. தாயும் தந்தையும் மாறி மாறி 18 முதல் 20 நாள் அடைகாக்கும், குஞ்சு ஏறக்குறைய 20 நாளில் கூட்டை விட்டு இறங்கும். எலுமிச்சை மரத்தைக் கத்தரிக்கும் முன் உள்கிளைகளைப் பாருங்கள், கூடு இருந்தால் ஆறு வாரம் தள்ளிப்போடுங்கள். உள்நாட்டுப் பறவை என்பதால் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

குஞ்சு கீழே கிடந்தால்: இறகு முளைக்காதது என்றால் கூட்டிலேயே திருப்பி வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. கூடு சரிந்துபோயிருந்தால், அடியில் துளையுள்ள சின்னக் கூடையில் குச்சி பரப்பி அதே கிளையில் கட்டுங்கள். இறகு முளைத்து, கண் திறந்து, நிற்க முடிகிற குஞ்சு என்றால் பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டு விலகிப் போங்கள், பெற்றோர் அருகிலேயே இருக்கும். பாலோ சோறோ ஊட்டவே கூடாது. முதல் நாட்களில் குஞ்சு வாழ்வது பெற்றோரின் தொண்டைப்பையில் சுரக்கும் பாலில், அதற்கு நம் சமையலறையில் மாற்று இல்லை. பூனை கவ்வியது என்றால், காயம் தெரியாவிட்டாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூனையின் வாயிலுள்ள பாக்டீரியா பறவையைக் கொல்லும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, அமைதியான இடத்தில் வைத்துவிட்டு, வனவிலங்கு மீட்பு அமைப்பைத் தொலைபேசியில் அழையுங்கள்: நியூ சவுத் வேல்ஸ் என்றால் வயர்ஸ், விக்டோரியா என்றால் வைல்ட்லைஃப் விக்டோரியா. எந்த இடத்தில், எப்போது எடுத்தீர்கள் என்பதைக் குறித்துக் கொடுங்கள், குணமானதும் அதே இடத்தில்தான் விடுவார்கள்.