பெப்டைடு ஒட்டிய நானோதுகள்: உள்ளே போனதா, மேலே ஒட்டிக்கொண்டதா?

கேள்வி: டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிய பி.எல்.ஜி.ஏ. (உடலில் சிதையும் பாலிமர்) நானோதுகள்கள் மேல், செல்லுக்குள் நுழைய உதவும் டாட் பெப்டைடை (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி) இணைத்தேன். கூமரின்-6 என்ற ஒளிரும் சாயம் ஏற்றி, செல் செல்லாக ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தபோது, மார்பகப் புற்றுநோய் செல்களில் ஒளிர்வு நான்கு மடங்கு கூடியிருந்தது. ஆனால் எத்தனை செல்கள் உயிரோடு மிஞ்சின என்று காட்டும் 72 மணி நேர எம்.டி.டி. சோதனையில் பெப்டைடு உள்ள துகளும் இல்லாத துகளும் ஒரே அளவில்தான் செல்களைக் கொல்கின்றன. வேறு பெப்டைடுக்கு மாறிவிடலாமா? (ஆய்வு மாணவி)

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். நீங்கள் செய்த இரண்டு சோதனைகளையும் வைத்து அந்தப் பெப்டைடு நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது.

எம்.டி.டி.யை எடுத்துக்கொள்வோம். டாக்ஸோரூபிசின் சிறிய மூலக்கூறு. யார் துணையும் இல்லாமல் செல் சவ்வைக் கடந்துவிடும். 72 மணி நேரத்தில் துகளிலிருந்து கசிந்து, செல்கள் வளரும் ஊடகத்தில் கலந்த மருந்தே செல்களைக் கொன்றுவிடும். துகள் உள்ளே போயிருந்தாலும் வெளியே மிதந்தாலும் முடிவு ஒன்றாகத்தான் வரும். அதனால் துகள்களைச் செல்களோடு 2 மணி நேரம் மட்டும் வையுங்கள். நன்றாகக் கழுவிவிட்டுப் புது ஊடகம் ஊற்றி, அப்புறம் 72 மணி நேரம் விடுங்கள். பெப்டைடால் பலன் இருந்தால் அது இதில் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு.

அந்த நான்கு மடங்கைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன். டாட் என்பது எச்.ஐ.வி. வைரஸின் ஒரு புரதத்திலிருந்து எடுத்த துண்டு; அந்தப் புரதம் தானாகவே செல்லுக்குள் நுழைகிறது என்பது 1988-இல் தெரியவந்தது. அதில் நிறைய இருக்கும் ஆர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் நேர்மின்சுமை உள்ளவை. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியோ எதிர்மின்சுமை உள்ளது. இரண்டும் விடாமல் பற்றிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் துகளையும் உள்ளே போன துகளையும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பிரித்துக் காட்டாது. போதாததற்குக் கூமரின்-6 கொழுப்பில் கரையும் சாயம்; துகள் வெளியே ஒட்டியிருக்கும்போதே சாயம் மட்டும் சவ்வுக்குள் இறங்கிவிடக்கூடும்.

எனவே சாயத்தைப் பாலிமரோடு வேதிப்பிணைப்பில் கட்டுங்கள். அளப்பதற்கு முன் செல்களை, அதேபோல எதிர்மின்சுமை கொண்ட ஹெப்பரின் கரைசலில் கழுவுங்கள். மேலே ஒட்டியவற்றில் பெரும்பகுதி கழன்றுவிடும். 4 டிகிரி செல்சியஸில் ஒரு தொகுதியும் வையுங்கள். அந்தக் குளிரில் செல்கள் விழுங்குவது ஏறக்குறைய நின்றுவிடும் என்பதால், அங்கே தெரியும் ஒளிர்வில் பெரும்பகுதி வெறும் ஒட்டல்தான். நுண்ணோக்கியில் பார்க்கும்போது உயிருள்ள செல்களையே பாருங்கள். ஃபார்மால்டிஹைடால் நிலைப்படுத்தினால் டாட் பெப்டைடு செல்லின் உட்கருவுக்குள் போய்விட்டதுபோலத் தோன்றும் என்று 2003-லேயே எச்சரித்துவிட்டார்கள்.

சரி, உண்மையிலேயே உள்ளே போயிருந்தால்? பெரும்பாலும் அது எண்டோசோமில், அதாவது செல் விழுங்கியதை வைத்திருக்கும் பையில், அடைபட்டிருக்கும். அங்கே அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போகும். கடைசியில், செரிக்கும் பையான லைசோசோமில் பி.எச். 5-க்கும் கீழே இறங்கிவிடும். டாக்ஸோரூபிசின் வேலை செய்ய வேண்டிய இடம் உட்கரு. லைசோசோமைக் காட்டும் சாயத்தோடு சேர்த்துப் பார்த்தால் துகள் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அங்கேயே தேங்கியிருந்தால், வெளியே வர உதவியாக, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைந்த பெப்டைடையோ, அமிலச் சூழலில் உருமாறிச் சவ்வைக் கலைக்கும் கலா பெப்டைடையோ சேர்த்துப் பாருங்கள். நாளைக்கு நீங்கள் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (ஒரு மரபணுவை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ. துண்டு) ஏற்றினால் இந்தப் படி இன்னும் முக்கியம். அது தானாகச் சவ்வைத் தாண்டாது.

விலங்கு ஆய்வுக்குப் போகும்போதுதான் பெப்டைடை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். டாட் புற்றுநோய் செல், நல்ல செல் என்று பார்ப்பதில்லை; எல்லாவற்றிலும் ஒட்டும். என் தேர்வு ஐஆர்ஜிடி என்ற பெப்டைடு. 2009-இல் அறிமுகமான இந்த 9 அமினோ அமில வளையம் முதலில் கட்டியின் ரத்தக் குழாய்களில் உள்ள இன்டெக்ரின் என்ற புரதத்தைப் பற்றும். அங்குள்ள நொதி அதை வெட்டியதும் வெளிப்படும் முனை, நியூரோபிலின்-1 ஏற்பியைப் பிடித்துக் கட்டித் திசுவுக்குள் புகும். ஆனாலும் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின்படி, செலுத்திய நானோதுகள்களில் கட்டியை அடைந்தது, இடைநிலை அளவில், 0.7 சதவீதம்தான்.

எந்தப் பெப்டைடாக இருந்தாலும், அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்த ஒரு பெப்டைடையும் கூடவே ஓட்டிப் பாருங்கள். அதிலும் அதே நான்கு மடங்கு வந்தால், ஏற்பிக்கு அதில் பங்கில்லை, மின்சுமைதான் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.