உழக்கு, காலணா, நாழிகை: பழம்பேச்சு கேள்வி பதில்

கேள்வி: ஐயா, "உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா" என்று என் மாமியார் அடிக்கடி சொல்வார். உழக்கு என்றால் என்ன?

பதில்: படியில் கால் பங்கு உழக்கு, அம்மா. 2 ஆழாக்கு சேர்ந்தால் 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் ஒரு பித்தளை உழக்கு கிடக்கும். சின்னப் பையனாக நான் கையை விட்டால் விரல் மடங்கி அடியில் முட்டும். மூலையே இல்லாத வட்டப் பாத்திரம். அதற்குள் கிழக்கு எது, மேற்கு எது? ஒரே அறையில் "இது என் பக்கம், அது உன் பக்கம்" என்று நானும் தம்பியும் சண்டை போட்டபோது பாட்டி சொன்னது இதுதான்.

கேள்வி: "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பதிலும் அதே உழக்கா? என் நண்பன் உலக்கை என்கிறான்.

பதில்: அதே உழக்குதான் தம்பி, உலக்கை இல்லை. அந்தக் காலத்தில் அறுப்புக் கூலியைக் களத்திலேயே நெல்லாக அளந்து கொடுத்தார்கள். நிலம் சொந்தமில்லாதவர் குத்தகை நெல்லையும் அளந்தாக வேண்டும். அடுத்த பட்டத்துக்கு விதைநெல் தனி. மலை மாதிரி குவிந்த பொலி, கடைசியில் உழக்கில் அளக்கிற அளவுக்கு வந்து நிற்கும். இதை விவசாயியைக் கேலி செய்யும் பேச்சாகச் சிலர் எடுத்துக்கொள்வது எனக்கு வருத்தம். களத்தில் நின்றவன் வயிறெரிந்து சொன்னது இது.

கேள்வி: செல்லாக்காசும் ஓட்டைக் காலணாவும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஓட்டைக் காலணா நன்றாகச் செல்லுபடியான காசு. போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டில் 1943 முதல் நடுவில் துளை போட்டு அடித்தார்கள். ரூபாய்க்கு 64. "ஓட்டைக் காலணாவுக்குப் பெறமாட்டான்" என்றால், அந்த அற்ப மதிப்பும் அவனுக்கு இல்லை என்று பொருள். 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்து அணா போனது, பேச்சு போகவில்லை.

கேள்வி: பதினாறணா உண்மை?

பதில்: 16 அணா ஒரு ரூபாய். முழு உண்மை, அவ்வளவுதான்.

கேள்வி: "மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பதில் வருவது குதிரை இல்லை, மண் குதிர், அதாவது மணல் திட்டு என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பதில்: எனக்கு ஒப்புதல் இல்லை. சுடாத மண் பொம்மை ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் கால் கரைந்து சாய்ந்துவிடும். பார்க்கக் குதிரை, ஆற்றில் சேறு. இப்படிக் கண்ணெதிரே நிற்கிற பொருளை விட்டுவிட்டு, ஒளிந்திருக்கும் பொருளை ஏன் தேட வேண்டும்?

கேள்வி: தாத்தா "விடிய அஞ்சு நாழிகைக்கு ஏர் பூட்டினோம்" என்பார். மணி எத்தனை?

பதில்: ஒரு நாழிகை 24 நிமிடம், ஐந்து என்றால் 2 மணி நேரம். விடிவதை 6 மணி என்று வைத்தால் 4 மணி. சரி, தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், கடிகாரம் இல்லாமல் எந்த நட்சத்திரத்தைப் பார்த்து எழுந்தார் என்று. கேட்டு எனக்கும் எழுதுங்கள்.