போர்ட்லண்டில் பள்ளி இசை ஆசிரியர்களுக்கு நகர மக்களே வரி கட்டுகிறார்களாமே, எப்படி?

உண்மைதான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்டில் ‘கலை வரி’ என்றே ஒன்று உண்டு. 2012 நவம்பரில் மக்கள் வாக்களித்துத் தாங்களே ஏற்றுக்கொண்டது அது.

காரணம் கொஞ்சம் பழையது. 1990இல் ஓரிகன் வாக்காளர்கள் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். பள்ளிகள் பெரிதும் நம்பியிருந்த வருமானம் அது. அப்புறம் செலவைக் குறைக்கும்போது பாட்டும் ஓவியமும்தான் பல பள்ளிகளில் வெட்டுப்பட்டன.

சரி, வரி எவ்வளவு? 18 வயது நிரம்பி, ஆண்டுக்கு 1,000 டாலராவது சம்பாதிப்பவர் 35 டாலர் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு விலக்கு. நகரத்துக்குள் வரும் 6 பள்ளி மாவட்டங்களுக்கு, அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளுக்கு, முதலில் பணம் போகும்: மழலையர் வகுப்பு முதல் 5ஆம் வகுப்பு வரை 500 பிள்ளைகளுக்கு ஓர் இசை அல்லது கலை ஆசிரியர் என்ற கணக்கு. மிச்சம்தான் கலை அமைப்புகளுக்கு மானியம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பணம் ஆசிரியர் சம்பளமாகப் போவதுதான். வயலின் வாங்கிப் பூட்டி வைத்தால் பிள்ளைகளுக்கு என்ன பயன்? சொல்லித்தர ஆள் வேண்டும்.

குறையும் இருக்கிறது. கடைச் சிப்பந்திக்கும் கோடீஸ்வரருக்கும் ஒரே தொகை. இது மாநில அரசியலமைப்பு தடுக்கும் தலைவரி, அதாவது வருமானம் பாராமல் தலைக்கு இவ்வளவு என்று போடும் வரி என்று வழக்கே நடந்தது. விலக்குகள் வருமானத்தைப் பார்ப்பதால் அப்படியல்ல என்று 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் வருமானத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் வரியாக இருந்திருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.