சமையலறைக் கேள்வி–பதில்: ஏர் ஃபிரையரில் உருளைக்கிழங்கைச் சுடும் முறை

ஏர் ஃபிரையர் வாங்கிய வாசகியர் பலர், ‘லோடட் பேக்ட் பொட்டேட்டோ’ பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பெரிய உருளைக்கிழங்கு ஒன்றைத் தோலோடு முழுதாகச் சுட்டு, நடுவே பிளந்து, அதன் மேல் வெண்ணெய், சீஸ், சவர் கிரீம் எனும் புளித்த பாலேடு, மொறுமொறுப்பான பேக்கன் எனும் உப்பிட்ட பன்றி இறைச்சி, வெங்காயத்தாள் ஆகியவற்றை வைத்துப் பரிமாறும் அமெரிக்க உணவு அது. கடிதங்களைப் படித்தபோது, பெரும்பாலோர் மேலே வைக்கும் பொருள்களைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பதும், கிழங்கைப் பற்றிக் குறைவாகவே யோசித்திருப்பதும் தெரிந்தது. ஆகவே கிழங்கிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: உணவகத்தில் சாப்பிட்டபோது உள்ளே பொலபொலவென்று இருந்தது. வீட்டில் பெரிய கிழங்காகப் பார்த்து எடுத்து, 200 டிகிரியில் 25 நிமிடம் வைத்தேன். தோல் அங்கங்கே கறுத்துவிட்டது, நடுப்பகுதி வேகவில்லை, வெந்த பகுதியும் பிசின் போல ஒட்டியது. கிழங்கை ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தேன். தவறு எங்கே நேர்ந்தது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் தனித்தனியே காரணம் இருக்கிறது. பிசின் போல ஒட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் கிழங்கின் ரகம். மாவுச்சத்து மிகுந்து நீர் குறைந்த கிழங்கு வேகும்போது, அதன் உள்ளறைகள் உப்பி ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அதைத்தான் நாம் ‘பொலபொல’ என்கிறோம். நீர் மிகுந்த கிழங்கிலோ அந்த அறைகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். குருமாவில் கரையாமல் நிற்பதற்கு அந்தக் குணம் உதவும், சுடுவதற்கு உதவாது. அமெரிக்காவில் இதற்கென்றே பயன்படுவது, தடித்த பழுப்புத் தோலுள்ள ரசெட் பர்பாங்க் எனும் ரகம். அங்கே 1909-ஆம் ஆண்டு வாக்கில் நார்தர்ன் பசிபிக் ரயில்வே, யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைந்த மிகப் பெரிய கிழங்குகளைச் சுட்டு, வெண்ணெயுடன் தன் உணவுப் பெட்டிகளில் பரிமாறத் தொடங்கியது. விற்பனைக்கு ஆகாதென்று விவசாயிகள் பன்றிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த கிழங்குகள்தாம் அவை. பெரிய கிழங்கைப் பொறுமையாகச் சுட்டால் அதுவே ஒரு முழு உணவாகும் என்பதை அந்த ரயில் பயணிகளுக்குக் காட்டியது.

நம் கடைகளில் ரகத்தின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்களில் குஃப்ரி சிப்சோனா வகைகள் உலர்பொருள் மிகுந்தவை, சுடுவதற்கு ஏற்றவை. மஞ்சள் சதையுள்ள குஃப்ரி புக்ராஜ் நீர் மிகுந்தது. கடைக்காரருக்கே பெயர் தெரியாதபோது வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு டம்ளர் தூள் உப்பைப் பதினொரு டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மாவுத்தன்மை மிகுந்த கிழங்கு அடர்த்தியானது என்பதால் அடியில் தங்கும். நீர் மிகுந்தது மிதக்கும். ஒரே கடையில் ஒரே குவியலிலிருந்து எடுத்த கிழங்குகளிலேயே இரண்டு மூழ்கி மூன்று மிதப்பதை நீங்கள் பார்க்கலாம். மூழ்கியவற்றைச் சுடுவதற்கும் மிதந்தவற்றைப் பொரியலுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். தோல் மெலிந்து, நகத்தால் சுரண்டினாலே உரியும் புதுக் கிழங்கை இதற்கு வாங்கவே வேண்டாம்.

தோல் கறுத்ததற்கு ஃபிரிட்ஜும் ஒரு காரணமாக இருக்கலாம். கடுங்குளிரில் இருக்கும் கிழங்கு தன் மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சர்க்கரை, சூட்டில் விரைவில் நிறம் மாறிக் கசந்துவிடும். வாங்கிய கிழங்கைச் சமையலறையிலேயே, வெளிச்சம் படாத, காற்றோட்டமான கூடையில் வையுங்கள். சுட்ட தோல் பொன்னிறத்திலோ இளம்பழுப்பிலோ இருந்தால் போதும். உருளைக்கிழங்கை அதிகச் சூட்டில் கருக்கும்போது அக்ரிலமைடு எனும் வேண்டாத பொருள் கூடுகிறது என்பதை 2002-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய பிறகு, கருக விடாதீர்கள் என்றே உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் அறிவுறுத்தி வருகின்றன.

நடுப்பகுதி வேகாததற்குக் காரணம் நேரம் மட்டுமே. சூடு கிழங்கின் மேற்புறத்திலிருந்து மையத்துக்கு மெல்லத்தான் நகரும். கிழங்கின் குறுக்களவு கொஞ்சம் கூடினாலும் வேகும் நேரம் அதைவிட அதிகமாகக் கூடும். ஆகவே 400 கிராம் கிழங்கைத் தேடி அலைய வேண்டாம். 200 முதல் 250 கிராம் வரை எடையுள்ள, உருண்டையாக இல்லாமல் நீண்டிருக்கும் கிழங்கே வீட்டுக் கருவிக்குப் பொருத்தம்.

கேள்வி: அப்படியானால் செய்முறையை வரிசையாகச் சொல்லுங்கள். எண்ணெயை எப்போது தடவ வேண்டும்?
— வாசகி, திருச்சி

பதில்: கிழங்கைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு தேய்த்துக் கழுவுங்கள், தோலையும் உண்ணப் போகிறோம் என்பதால் கண்களில் ஒட்டியிருக்கும் செம்மண்கூடப் போக வேண்டும். கழுவியதும் துணியால் ஈரமில்லாமல் துடைத்துப் பத்து நிமிடம் காற்றாட வையுங்கள். முள்கரண்டியால் சுற்றிலும் எட்டுப் பத்து இடங்களில் குத்துங்கள். உள்ளே உருவாகும் நீராவிக்கு வழியில்லாவிட்டால் கிழங்கு அரிதாக வெடித்துவிடுவதும் உண்டு.

எண்ணெயை முதலிலேயே தடவுவதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் முறை. பலமுறை செய்து பார்த்த பின் நான் அதை மாற்றிக்கொண்டேன். எண்ணெய் இல்லாமல் 200 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, பாதியில் ஒருமுறை இடுக்கியால் திருப்பிவிட்டு, அதன் பிறகு வெளியே எடுத்து அரைத் தேக்கரண்டி எண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் தடவி, மறுபடியும் 10 முதல் 15 நிமிடம் வைக்கிறேன். முதல் அரை மணியில் தோலின் ஈரம் தடையின்றி வெளியேறிவிடுவதால், கடைசியில் தடவும் எண்ணெய் தோலை அப்பளம் போல மொறுமொறுப்பாக்குகிறது. கூடையில் கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். தொடும் இடத்தில் காற்றுப் படாமல் தோல் ஈரமாகவே நின்றுவிடும்.

வெந்துவிட்டதா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெல்லிய கம்பியோ ஊதுபத்திக் குச்சி அளவிலான மூங்கில் குச்சியோ மையம் வரை தடையின்றி இறங்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் மையத்தில் 96 முதல் 99 டிகிரி வரை காட்டுகிறதா என்று பார்க்கலாம்.

இதற்கடுத்த ஒரு நிமிடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். எடுத்த உடனேயே, தடித்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, கிழங்கின் மேற்புறத்தில் நீளவாக்கில் ஒன்றும் குறுக்கே ஒன்றுமாகக் கீறி, இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்துங்கள். வெண்மையான சதை கீறல் வழியே மேலெழும்பி மலர்ந்து நிற்கும்; கண்ணாடி அணிந்தவர்களின் கண்ணாடி மங்கும் அளவுக்கு ஆவி கிளம்பும். அந்த ஆவி போகத்தான் வேண்டும். மேலே வைக்கும் பொருள்கள் தயாராகவில்லை என்று கிழங்கைப் பிளக்காமல் மூடி வைத்தால், அதே ஆவி உள்ளேயே நீராகிச் சதையைக் களியாக்கிவிடும். எல்லாவற்றையும் நறுக்கி, துருவி, கிண்ணங்களில் வைத்த பிறகே கிழங்கைக் கூடையிலிருந்து எடுங்கள்.

கேள்வி: இங்கே ரசெட் கிழங்கு தாராளமாகக் கிடைக்கிறது. அலுமினியத் தாளில் சுற்றி வைத்தால் நல்லது என்று தோழி சொல்கிறார். செய்யலாமா?
— வாசகி, டொராண்டோ

பதில்: வேண்டாம். தாள் சுற்றிய கிழங்கு சுடப்படுவதில்லை. தன் ஆவியிலேயே அவிகிறது. இட்லிப் பானையில் அவித்த கிழங்கின் ருசிதான் வரும், தோலும் துவண்டுவிடும். ஏர் ஃபிரையரின் பயனே சூடான காற்றை வேகமாகச் சுழற்றி மேற்பரப்பை உலர்த்துவதுதான். தாள் அதைத் தடுத்துவிடுகிறது. உங்கள் ஊரில் நல்ல கிழங்கு கிடைக்கும்போது அதை இப்படி வீணாக்கலாமா? தாள் சுற்றுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: நேரமில்லாத நாளில் மைக்ரோவேவில் பாதி வேகவைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், சென்னை

பதில்: தாராளமாகச் செய்யலாம். குத்திய கிழங்கை மைக்ரோவேவில் ஒரு பக்கம் மூன்று நிமிடம், திருப்பிவிட்டு இரண்டு நிமிடம் வைத்து, பின் எண்ணெய் தடவி ஏர் ஃபிரையரில் 200 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். சதை நன்றாகவே இருக்கும். தோலின் ஆழ்ந்த சுவை மட்டும் சற்றுக் குறையும். மின்சாரச் செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1,500 வாட் கருவி 45 நிமிடமும் இடைவிடாமல் சூடேறினாலும் 1.1 யூனிட்டுக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகும். சூடு எட்டியதும் கருவி இடையிடையே நின்று இயங்குவதால் உண்மையில் அதைவிடக் குறைவே.

கேள்வி: நாங்கள் சைவம். பேக்கனுக்கும் சவர் கிரீமுக்கும் மாற்று என்ன? சீஸைத் துருவிப் போட்டு மறுபடியும் உள்ளே வைத்தபோது, பாதி பறந்து கருவியின் அடியில் ஒட்டிக் கருகிவிட்டது.
— வாசகி, மதுரை

பதில்: முதலில் சீஸ். ஏர் ஃபிரையரின் விசிறி, கிழங்கின் மேலேயே காற்றைச் செலுத்துவதால் லேசான துருவல் பறக்கத்தான் செய்யும். பிளந்த கிழங்கின் சதையை உள்ளேயே முள்கரண்டியால் கிளறி, ஒரு தேக்கரண்டி வெண்ணெயையும், எடுத்து வைத்த சீஸில் பாதியையும் அதனுடன் கலந்துவிடுங்கள். மீதியை மேலே தூவி விரல்களால் அழுத்திவிட்டு, 180 டிகிரியில் மூன்று நிமிடம் வைத்தால் போதும். துருக்கியின் இஸ்தான்புல் நகரில், ஓர்த்தாகோய் கடற்கரைப் பகுதியில் விற்கும் ‘கும்பிர்’ எனும் சுட்ட கிழங்கையும் இப்படித்தான் வெண்ணெயும் சீஸும் சேர்த்துத் தோலுக்குள்ளேயே பிசைகிறார்கள். செடார் சீஸ் கிடைத்தால் அதுவே சிறந்தது. நம் கடைகளில் கட்டியாக விற்கும் பதப்படுத்திய சீஸ் வழவழப்பாக உருகும், ஆனால் உப்பு மிகுந்தது. அதைப் போட்டால் தனியாக உப்புச் சேர்க்காதீர்கள்.

சவர் கிரீமுக்குப் பதிலாக வடிகட்டிய தயிர் மிக நன்றாகப் பொருந்தும். அரை லிட்டர் கட்டித் தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஃபிரிட்ஜிலேயே நான்கு மணி நேரம் விட்டால், நீர் வடிந்து வெண்ணெய் போலத் திரண்டு நிற்கும். அதனுடன் இரண்டு தேக்கரண்டி ஃபிரெஷ் கிரீமையும் சிறிது உப்பையும் கலந்துகொள்ளுங்கள். வடிகட்டாத தயிரை ஊற்றினால், அரை மணி நேரம் பாடுபட்டு வெளியேற்றிய ஈரத்தை நாமே திரும்ப ஊற்றியது போலாகும். தயிரை ஏர் ஃபிரையருக்குள் வைக்காதீர்கள், திரிந்துவிடும். தட்டில் வைத்த பிறகு மேலே இடுங்கள்.

பேக்கன் இந்த உணவுக்குத் தருவது உப்பு, புகைமணம், மொறுமொறுப்பு ஆகிய மூன்றும். சின்ன வெங்காயத்தை மெல்லிய வளையங்களாக அரிந்து, மிதமான தீயில் செம்பழுப்பாகும் வரை பொறுமையாக வறுத்து, வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக உடைத்துச் சேருங்கள். புகைமணம் தவிர மற்ற இரண்டும் வந்துவிடும். பொடியாக நறுக்கிய பட்டன் காளானை நீர் வற்றி ஓரங்கள் முறுகும் வரை வதக்கிச் சேர்ப்பதும் நல்ல வழி. பச்சை வெங்காயத்தாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். இத்தனை கொழுப்புக்கு நடுவே அந்தக் காரம் தேவை. இட்லிப் பொடியும் நெய்யும் வைத்துச் சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் அதை விரும்பிச் சாப்பிடுகிறேன். சென்னா மசாலாவையோ குருமாவையோ வைப்பதானால், கரண்டியில் எடுத்தால் நிற்கும் அளவுக்குச் சுண்ட வைத்து இடுங்கள்.

கேள்வி: பச்சை நிறம் படிந்த கிழங்கைத் தோலோடு சுடலாமா?
— வாசகி, சேலம்

பதில்: கூடாது. வெளிச்சம் பட்டுப் பச்சையான இடத்தில் சோலனின் எனும் நச்சும் கூடியிருக்கக்கூடும். வேகவைத்தாலும் சுட்டாலும் அது முழுதாக அழியாது. சிறிதளவே பச்சை இருந்தால் அந்தப் பகுதியையும் முளைகளையும் ஆழமாகச் சீவி எறிந்துவிட்டுப் பொரியலுக்குப் பயன்படுத்தலாம். நிறையப் பச்சை இருந்தாலோ வாயில் வைத்ததும் கசந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: விருந்துக்கு முன்பே சுட்டு, தாளில் சுற்றி மேசையில் வைத்து, மறுநாள் சூடு செய்து பரிமாறலாமா?
— வாசகி, பெங்களூரு

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மண்ணிலிருந்து கிழங்கின் தோலோடு வரும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் எனும் கிருமியின் விதைகள் சுடும் சூட்டிலும் சாகாமல் தப்பக்கூடும். இறுகச் சுற்றிய தாளுக்குள் காற்று இல்லை, ஈரம் இருக்கிறது, வெதுவெதுப்பும் இருக்கிறது. அந்த நிலையில் அது முளைத்து, நரம்புகளைத் தாக்கும் கொடிய நச்சை உண்டாக்கும். 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், தாள் சுற்றிச் சுட்டு அறைவெப்பத்தில் விட்ட கிழங்கைக் கொண்டு ஓர் உணவகத்தில் தயாரித்த தொட்டுக்கையை உண்ட 30 பேர் இப்படி நோயுற்றார்கள். அந்த உணவில் கெட்ட வாடை வந்தால்தான் ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. மணத்தையோ ருசியையோ வைத்து இந்த நச்சைக் கண்டுகொள்ள முடியாது.

முன்கூட்டியே செய்ய வேண்டுமானால், சுட்ட கிழங்கைத் தாள் சுற்றாமல் பிளந்து, ஆவி அடங்கியதும், இரண்டு மணி நேரத்துக்குள் மூடியுள்ள பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பச்சைக் கிழங்குக்குத்தான் ஃபிரிட்ஜ் ஆகாது, சுட்டதற்கு அது அவசியம். மறுநாள் வெண்ணெயும் சீஸும் கலந்து, 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுப்பகுதியில் ஆவி பறக்கும் வரை சூடாக்கி, விருந்தினர் அமர்ந்த பிறகு தயிரும் வெங்காயத்தாளும் வையுங்கள். தோல் முதல் நாள் போலவே முறுகி வரும்.