அவன் மேனேஜர், நான் இன்னும் டெஸ்டர்

கேள்வி: பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் பதினோரு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. என்னோடு ஃப்ரெஷராகச் சேர்ந்தவன் இன்று மேனேஜர். எனக்கு இந்த அப்ரைசலிலும் சுமாரான ஹைக்தான். புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் நேரம் போவதே தெரியாது. பணம் கட்டும் பட்டனை வேகமாக இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு தடவை பணம் போகிறது என்று அதில் ஒரு பெண் கண்டுபிடித்தபோது எனக்கே அவார்டு கிடைத்த மாதிரி இருந்தது. மற்றபடி வெறுப்புதான். பேப்பர் போட்டுவிடலாமா?
- வாசகர், பொம்மனஹள்ளி

பதில்: போடலாம் தம்பி, ஆனால் புது கம்பெனியிலும் உங்கள் நண்பரைத்தானே அளவுகோலாக வைத்துக்கொண்டு உட்காருவீர்கள்?

அமெரிக்காவில் ஏமி ரெஸ்னெஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1997-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிலருக்கு வேலை என்றால் சம்பளம், சிலருக்கு அது மேலே ஏறும் படி, சிலருக்கு அந்த வேலையே மனசுக்குப் பிடித்தது. எந்த வேலை என்பதைப் பொறுத்துத்தானே இது மாறும் என்போம். ஆனால் ஒரே மாதிரி வேலை பார்த்த அலுவலக உதவியாளர்கள் 24 பேரை மட்டும் தனியாகப் பார்த்தபோதும் மூன்று ரகமும் கிட்டத்தட்ட சமமாக இருந்ததாம். திருப்தி அதிகம் என்று சொன்னது மூன்றாவது ரகம். (சம்பளத்துக்காக வேலை பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டு இஎம்ஐ கட்டுகிறவரிடம் போய் 'பேஷனைத் தேடு' என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.)

உங்கள் கடிதத்தையே திரும்பப் படியுங்கள். ஹைக்குக்கு ஒரு வரி, அந்தப் பெண் கண்டுபிடித்த தவறுக்கு மட்டும் அத்தனை விவரம்! மேனேஜர் ஆனால் லீவு அப்ரூவல், கிளையன்ட் கால், யாருக்கு எந்த ரேட்டிங் என்ற சண்டை என்றே நாள் ஓடும். அது நிஜமாகவே வேண்டுமா, இல்லை அவனுக்குக் கிடைத்ததால் வேண்டுமா? வேண்டும் என்றால் மேனேஜரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், சும்மா இருந்தால் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள். வேண்டாம் என்றால், ஃப்ரெஷர் பயிற்சியை உங்கள் பொறுப்பாகவே எழுத்தில் தரச்சொல்லுங்கள், அடுத்த அப்ரைசலில் அது கணக்கில் வரட்டும். ஆட்களை மேய்க்காமல் டெக்னிக்கலாகவே மேலே போகும் வழி பல கம்பெனிகளில் உண்டு, எச்ஆரிடம் விசாரியுங்கள்.

ஆனால் ஒன்று, மனசை மாற்றிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வெளியே இதே அனுபவத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றால் அது சம்பளப் பிரச்சினை, தத்துவம் பேசித் தீராது. அப்போது தாராளமாக மாறுங்கள், ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு.